மீனோடு போன கண்டம்

அகியோங் தொட்டது துலங்காது என்பது இந்தோனேசியாவின் பொந்தியானாக் ஊரில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால் மீன் செத்ததில் யாருக்கும் பெரிய ஆச்சரியமில்லை. அவனுடைய அக்கா சுயானுக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

"உன்கிட்ட யாருடா தொட்டி கேட்டா? ஓட்டைத் தொட்டியத் தூக்கிட்டு வந்து, வீட்டுல இருந்த அதிர்ஷ்டத்தையே கொன்னுட்டியே."

செத்தது சாதாரண மீனில்லை. சுயானின் கணவர் லியோங், விரல் நீளக் குஞ்சாக வாங்கிப் பத்துப் பதினோரு வருஷமாக வளர்த்த சிவப்பு அரோவானா. தினமும் அதோடு பேசிவிட்டுத்தான் கடை திறக்கப் போவார். கட்டின பெண்டாட்டியிடம்கூட அவ்வளவு பேசியதில்லை என்று சுயானே சொல்வாள்.

மீன் வளர்ந்து, பழைய தொட்டியில் திரும்பவே இடமில்லாமல் போனது. மூடப்போகிற ஒரு கடல் உணவு ஹோட்டலிலிருந்து ஆள் நீளத்துக்கும் மேலான தொட்டியை அகியோங் வாங்கி வந்தான். கண்ணாடி நல்ல கண்ணாடி. மூலை ஒட்டுகள்தான் விட்டுப்போயிருந்தன. தண்ணீர் ஊற்றினால் நாலு பக்கமும் கசிந்தது.

"கவலைய விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றான். லியோங்கும் அவன் பொறுப்பில் விட்டார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஒட்டுகளில் இருந்த பழைய சிலிக்கான் பசையை பிளேடால் சுரண்டி எடுத்தான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். புதிதாகப் பூசி விரலால் நீவிவிட்டு, காயும் வரை பக்கத்தில் ஒருவரையும் விடவில்லை. வாசலில் வைத்துத் தண்ணீர் நிரப்பியபோது, அடியில் விரித்த செய்தித்தாள் துளிகூட நனையவில்லை. தெருவே வந்து பார்த்தது. பயல் சட்டையில்லாமல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

மீனைப் புதுத் தொட்டிக்கு மாற்றிய மறுநாள் லியோங் மலேசியாவிலுள்ள கூச்சிங்குக்கு பஸ் ஏறினார். அவர் கழுத்தில் ஒரு கட்டி. எங்கள் ஊர்க்காரர்கள் பெரிய வைத்தியம் என்றால் எல்லை தாண்டி அங்கேதான் போவார்கள். சதை எடுத்து ஏற்கெனவே பரிசோதனைக்குக் கொடுத்தாகிவிட்டது. முடிவு கேட்கத்தான் இந்தப் பயணம். கடையை விட்டுவிட்டு வர முடியாமல் சுயான் வீட்டிலேயே இருந்துவிட்டாள். போனில் கேட்டதற்கு, நேரில் வந்து சொல்கிறேன் என்றார். அவளும் மீன் விஷயத்தைச் சொல்லவில்லை.

புதன்கிழமை விடியும்போதே மீன் மல்லாந்து கிடந்திருக்கிறது.

மீன் தீனி விற்கிற கடைக்காரர் வந்தார். காலி சிலிக்கான் குழாயைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அது குளியலறைக்குப் பூசுவதாம். பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் மருந்து கலந்திருப்பார்களாம். மீனுக்கு அந்த மருந்து விஷம். பூஞ்சை பிடிக்காது என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான், மீனுக்கு நல்லதாயிற்றே என்று அகியோங் அதைத் தேடி வாங்கியிருக்கிறான்.

சுயான் மீனை ஐஸ் பெட்டியில் வைத்தாள். "உன் மாமா வரட்டும். நீயே மூடியத் தொறந்து காட்டு."

அதற்குப் பிறகு அவன் சாப்பிட வரவில்லை. எங்காவது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வேலைக்குப் போய்விடுகிறேன், இனி யார் கண்ணிலும் பட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதுகூடப் பரவாயில்லை. அடிக்கடி ஆற்றங்கரைக்குப் போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தான். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் லியோங் வந்து இறங்கினார். அகியோங் தானே போய் ஐஸ் பெட்டி மூடியைத் திறந்தான். இன்றைக்கு வெட்டோ குத்தோ என்று வாசலில் பாதித் தெரு நின்றது.

லியோங் குனிந்து மீனின் செதிலைத் தடவினார். பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்தார்.

"என்னைக்குச் செத்துச்சு?"

"புதன்கிழம காலைல, மாமா. தப்பு என்னோடதுதான். நான் வாங்கின சிலிக்கான்ல..."

"புதன்கிழமையா?" லியோங் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்குக் காலைலதான்டா டாக்டர் கூப்பிட்டுச் சொன்னாரு, இது வெறும் கொழுப்புக்கட்டி, பயப்பட ஒண்ணுமில்லன்னு."

எல்லோருக்கும் மெய்சிலிர்த்துப்போனது. வளர்க்கிற அரோவானா திடீரென்று செத்தால், வீட்டுக்காரருக்கு வரவிருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சுயான் அழுதுகொண்டே ஐஸ் பெட்டிக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டாள்.

லியோங் மச்சானின் தோளில் கை போட்டார். "எனக்காகப் போகணும்னு அது முடிவு பண்ணிருச்சு. அதுக்கு நீ ஒரு சாக்கு, அவ்வளவுதான். நீ என்னடா பண்ணுவ?"

மீனை ரம்புத்தான் மரத்தடியில் புதைத்தார்கள். திட்டித் தீர்த்த அக்காவே தம்பிக்குச் சோறும் கோழியும் போட்டாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அழுதுகொண்டேதான் சாப்பிட்டான், ஆனால் இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டான். சாப்பிட்டு முடித்ததும், இந்தத் தடவை மீன் தீனிக் கடையில் கேட்டே சிலிக்கான் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, பிளேடை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான்.

சமையலறையில் சுயானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப இனிமே கூச்சிங் பக்கமே போக வேண்டியதில்ல, இல்லையா?"

லியோங் சமையலறைக் கதவைச் சாத்தினார்.

"அது கொழுப்புக்கட்டி இல்ல. திங்கட்கிழம போகணும். நீயும் வா. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்ங்கறாங்க." அவள் வாய் திறப்பதற்குள் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சத்தம் போடாத. இப்பத்தான் பய ரெண்டு வாய் தின்னுட்டுப் போறான்."