நாலையும் மாத்தணும்

“கழட்டாத தம்பி.”

ஜாக்கி ஏற்றிக்கொண்டிருந்த அறிவழகன் நிமிர்ந்தான். பெரம்பலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே அவன் டயர் கடை. காரை விட்டுவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போன மறுநிமிடம் அந்த அம்மாள் உள்ளே வந்து நின்றாள்.

“நாலையும் மாத்தச் சொல்லி ஓனர் போன் பண்ணிட்டாருங்க. நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பாக்குறாராம்.”

“ஒண்ணும் மாத்த வேணாம். இதே டயர் இருக்கட்டும்.”

ஓனரின் அம்மா போலிருக்கிறது. இவ்வளவு பெரிய கார் வைத்துக்கொண்டு இந்தக் கஞ்சத்தனமா? அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“இங்க பாருங்கம்மா. டயர் மேல இருக்குற பட்டனுக்கு நடுவுல சின்ன மேடு தெரியுதா? பட்டன் தேஞ்சு இதுக்குச் சமமாயிடுச்சு. மழையில பிரேக் அடிச்சா வண்டி நிக்காது, வழுக்கிக்கிட்டே போவும்.”

“எப்ப மாத்தியிருக்கணும்?”

“ஆறு மாசம் முன்னாடியே. தெரிஞ்சே ஓட்டுறது கொலைக்குச் சமம். யாரு வூட்டுப் புள்ளையாச்சும் குறுக்க வந்தா என்ன பண்ணுவீங்க?”

“குறுக்க வரல. மழைக்கு ரோட்டோரமா ஒதுங்கி நின்னான் எம்மவன். இந்த வண்டிதான் நிக்காம வந்து தூக்கி அடிச்சுது. அவன் குறுக்க பாஞ்சான்னு அந்த ஓனரு போலீசுல எழுதிக் குடுத்திருக்கான். எதிர்ல ஆஸ்பத்திரியில கெடக்கான் புள்ள. சன்னல்லேருந்து வண்டியைப் பாத்துட்டு ஓடியாந்தேன்.”

அறிவழகனின் செல்போன் அடித்தது. ஓனர்.

“என்னப்பா, மாத்தியாச்சா?”

அறிவழகன் ஜாக்கியை இறக்கினான்.

“இன்ஸ்பெக்டர் பாத்த பொறவு மாத்துறேன் சார். எதைப் பாக்கணும்னு அவருக்குக் காட்ட நானும் வரேன்.”