ஓட்டை ஆம்ப்ளிஃபயர்

"வாயே திறக்காத மாப்ள. அந்தம்மாவுக்கு அதோட அருமை தெரியல. அடிமாட்டு விலை சொல்றாங்க."

மாடிப்படி ஏறும்போதே மச்சினனின் காதைக் கடித்தார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்.

தலை நரைத்த பிறகு கிடார் கற்றுக்கொள்ளக் கிளம்பியவர். அவர் வாசிக்க உட்கார்ந்தால், வீட்டில் மனைவி மிக்ஸியைப் போட்டுவிடுவாள். குறை தன் விரலில் இல்லை, ஆம்ப்ளிஃபயரில்தான் என்பது அவருடைய முடிவு.

மச்சினன் அப்படியில்லை. ஓட்டல் மேடையில் தினமும் வாசிக்கிறவன். அதனால்தான் பார்த்துச் சொல்லக் கூட்டிவந்திருந்தார்.

கதவைத் திறந்த தையல்காரம்மா மூலையைக் காட்டினார். "எங்க அண்ணன் வாசிச்சது. அவர் தவறினப்புறம் துணி அடுக்கத்தான் ஆகுது."

துணிக்கட்டுகளை இறக்கினால், பழைய காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர். மச்சினன் தன் கிடாரைச் சொருகித் தந்தியை ஒரு தட்டு தட்டினான். அறையே நிறைந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. கை தானாகப் பர்ஸுக்குப் போனது.

"வேணாம் மாமா" என்றான் மச்சினன்.

"ஏன்? நல்லாத்தானே கேக்குது?"

"உங்க காதுக்கு நல்லாத்தான் கேக்கும். அடியில ஒரு இரைச்சல் இருக்கே, கேக்கல?"

கேட்கவில்லை. அதைச் சொல்ல வெட்கம்.

"ஆமாமா... லேசா இரையுது."

"உள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் போகப்போகுது. சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க."

தையல்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போதும் கடைக்காரருக்கு அதே நினைப்பு. இரைச்சல் இருந்தால் என்ன? அதைச் சொல்லியே இன்னும் பாதியாக அடித்துப் பேசலாமே! கடையைப் பூட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

தையல்காரம்மா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மச்சினன்! ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் குத்துக்காலிட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! எனக்கு ஓட்டைன்னு சொல்லிட்டு, நீ அமுக்கப் பாக்கறியா?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். பதில் தையல்காரம்மாவிடமிருந்து வந்தது.

"அவரைத் திட்டாதீங்க சார். நேத்து சொன்னது பொய்னு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தாரு. இது நான் சொன்ன விலையைப் போல இருபது மடங்கு போகுமாம். நல்ல விலைக்கு ஆள் பாக்கத்தான் படம் எடுக்கறாரு."

கடைக்காரர் மச்சினனை ஓரமாக இழுத்தார். "அதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா?"

"எப்படி மாமா? உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, 'ஏமாந்துடாதீங்கம்மா'ன்னு சொன்னா, அவங்க உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கடைக்காரர் அவன் கையை விட்டார்.

"ஆமா, நீங்க என்ன விஷயமா வந்தீங்க சார்?" என்று கேட்டார் தையல்காரம்மா.

பாதி விலைக்கு எண்ணிவைத்திருந்த நோட்டுகளைப் பைக்குள்ளேயே அழுத்திவிட்டு, கண்ணாடிக் கடைக்காரர் கையை வெளியே எடுத்தார்.

"விவரம் தெரியாம யாருக்கும் மலிவா குடுத்துடாதீங்கன்னு சொல்லிட்டுப் போகத்தாம்மா வந்தேன்!"