பன்னிரண்டடிப் பாராட்டு

கத்தியை எடுத்துக்கொண்டு பிச்சமுத்து வாசலுக்கு ஓடினார்.

சகாயராணி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தாள். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? இன்னிக்கு உங்க மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க."

"அதுக்குத்தான்டி ஓடுறேன். பஸ் ஸ்டாப்புல பேனர் கட்டியிருக்கானுங்க."

அவர் குடியை விட்டு இன்றோடு நூறு நாள். வாராவாரம் புதன்கிழமை ஸ்ரீரங்கம் போய், குடியை மறக்க வழிசொல்லும் கவுன்சிலர் கோதையிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருகிறார். அவருக்குத் தன்மேல் மதிப்பு வர வேண்டும், நாலு பேர் அறியப் பாராட்டுங்கள் என்று அவருடைய நண்பர்களிடம் கோதை சொல்லியிருந்தார். அரியமங்கலம் லேத் பட்டறை நண்பர்களுக்கு நாலு பேர் போதவில்லை.

பன்னிரண்டடி பேனர். இடது பக்கம் 'அன்று': சாக்கடை ஓரம் வேட்டி விலகிக் கிடக்கும் பிச்சமுத்து. வலது பக்கம் 'இன்று': யாருடைய கோட்டின் மேலோ ஒட்டிய அவர் தலை, கூலிங் கிளாஸ், 'நூறு நாள் குடிக்காத மாவீரனே' என்ற வரி. விடியற்காலையில் அதைப் பார்த்து அவர் கண் கலங்கியது உண்மைதான். மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் இறங்குவார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

மகள் லிசிக்கு இது மூன்றாவது வரன். முதல் இரண்டும் அப்பாவின் கதையைக் கேட்டே திரும்பிப் போயின. அதனால் துவாக்குடி மாப்பிள்ளை வீட்டாரிடம், எங்கள் வீட்டில் குடி வாசனையே கிடையாது என்று சகாயராணி சொல்லிவைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சனிக்கிழமைதோறும் ஏதோ வகுப்பாம், ஞாயிறுதான் வர முடியும் என்றார்கள். பைபிள் வகுப்பாக இருக்கும், குடி என்றாலே முகம் சுளிப்பார்கள் என்று அவளுக்கு இன்னும் அதிகப் பயம்.

பிச்சமுத்து டீக்கடை பெஞ்சில் ஏறிக் கயிற்றில் கத்தியை வைத்தார். பட்டறை லக்ஷ்மணன் கீழிருந்து கெஞ்சினான்.

"அறுக்காதீங்கண்ணே. உங்க தன்மதிப்பு போயிடும்."

வலது முடிச்சு அறுந்ததும் பஸ் வந்து நின்றது. கோட்டும் கூலிங் கிளாஸும் மண்ணில் விழுந்தன. சாக்கடை ஓரத்துப் பிச்சமுத்து மட்டும் கம்பத்தில் தொங்கினார்.

முதலில் இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா, படத்தைப் பார்த்தார். பெஞ்சின் மேல் கத்தியோடு நின்றவரைப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற சகாயராணி பஸ்ஸைப் பார்த்தாள். லிசியின் கல்யாணம் இந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடும்.

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து, விழுந்த பக்கத்தைத் தூக்கிப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் பேனர் எங்க அடிச்சீங்க சம்மந்தி? வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு நூறாவது நாள்."