கஞ்சி அடுப்புக்குத் தடை

"இன்று முதல் குவாட்டர்ஸ் முற்றத்தில் விறகடுப்பு மூட்டுவது தடை. விஜிதரன், பொறுப்பாளர்."

கம்பஸ் குவாட்டர்ஸ் வட்ஸ்அப் குழுவில் விழுந்த செய்தியைப் பார்த்ததும் கஜனிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. தண்ணி வராது, பின்மதிலடியில் யானை நிக்குது, குரங்கு வருகுது யன்னலைச் சாத்துங்கோ என்று விஜிதரன் போடுகிற செய்திக்கெல்லாம் முதல் ஆளாகப் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிறவள் அவள்தான். இதற்கு மட்டும் கை வரவில்லை.

வராதுதானே! நாளை மறுநாள் நோன்பு தொடங்குகிறது. முற்றத்தில் விறகடுப்பு மூட்டுகிற ஒரே ஆள் மஹ்றூப் சேரின் மனைவி பாத்தும்மா. நோன்பு மாதம் முழுக்க நாளுக்கு ஒரு பெரிய கிடாரம் நிறையக் கஞ்சி காய்ச்சுவார். பின்னேரமானால் நோன்பு பிடிக்கிற வீடு, பிடிக்காத வீடு எல்லாம் சட்டியோடு வரிசையில் நிற்கும். கஜனியின் கணவர் செந்தூரன் கணிதம் படிப்பிக்கிற பெரிய விரிவுரையாளர். அவரும் சட்டியோடுதான் நிற்பார்.

"யாழ்ப்பாணத்தில இருந்து நேற்று வந்த மனிசன். உவருக்கு எங்கட கஞ்சியின்ர அருமை எங்க விளங்கப்போகுது?" என்று புறுபுறுத்தபடி பாத்தும்மா வீட்டுக்குப் போனாள்.

பாத்தும்மா விறாந்தையில் கதிரையைப் போட்டு அமைதியாக இருந்தார். உள்ளே போய் தேத்தண்ணி கொண்டுவந்து இடக்கையால் நீட்டினார். ஒருநாளும் அப்படிச் செய்யாத மனிசி! மனமுடைஞ்சு எந்தக் கையால் கொடுக்கிறது என்றே தெரியவில்லைப் போல என்று கஜனிக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடு பிள்ளை. சட்டமெண்டாச் சட்டம்தானே. அந்தத் தம்பியை ஒருத்தரும் பேசாதேங்கோ."

"உங்கட இந்த நல்ல குணத்துக்குத்தான் அக்கா, எல்லாரும் தலையில ஏறினம்!"

அடுத்த நிமிசம் கஜனி விஜிதரனின் அலுவலக அறைக்குள் நின்றாள்.

"ஆர் உங்களிட்ட முறைப்பாடு தந்தது? புகையோ? நெருப்போ? என்ன பிரச்சினை?"

விஜிதரன் மேலே சுழலுகிற ஃபானைப் பார்த்தார். "அதைச் சொல்ல ஏலாதக்கா."

"தடையை எடுப்பியளோ, மாட்டியளோ?"

"மாட்டன் அக்கா. குறை நினைக்காதேங்கோ."

"அப்ப பெட்டியைக் கட்டுங்கோ! உங்களைக் கொக்கிளாய்க்கு மாத்தச் சொல்லி எல்லாரும் கையெழுத்து வைச்சு மனு குடுக்கப்போறம். அங்க கடற்கரை ஆராய்ச்சி நிலையத்தில இருந்து மீனுக்கு நோட்டீஸ் போடுங்கோ."

விஜிதரனின் முகம் வெளிறிப் போனது. "ஐயோ அக்கா, மகளை இப்பதான் இங்க பள்ளிக்கூடத்தில சேர்த்தனான். இந்தக் கிழமைதான் அழாமல் போகத் தொடங்கியிருக்கிறாள்."

"அப்ப தடையை எடுங்கோவன்!"

மனிசன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார். என்ன பிடிவாதம் என்று கஜனிக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

பொழுதுபடுவதற்குள் மனு எழுதி வீடு வீடாய்ப் போய் வந்துவிட்டாள். செந்தூரன் மட்டும் பேனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"பாவமடி, சின்னப் பிள்ளைக்காரன்."

"உங்களுக்குக் கஞ்சி வேணுமோ, வேண்டாமோ?"

விரிவுரையாளர் வாயைப் பொத்திக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

இனிப் பாத்தும்மா ஓராளின் கையெழுத்துத்தான் மிச்சம். குவாட்டர்ஸ் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவள் மாதிரி கஜனி அந்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அக்கா, உங்கடதுதான் முதல் கையெழுத்து. மேல இடம் விட்டு வைச்சிருக்கிறம். விடிஞ்சதும் குடுக்கிறம், பொறுப்பாளர் பறக்கிறார்!"

பாத்தும்மா கண்ணாடியைப் போட்டு மனுவை வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"அந்தச் சின்னப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கொக்கிளாய்க்கோ?"

"ஓமக்கா! அப்பதான் பாடம் படிப்பார். இந்தாங்கோ பேனை."

பாத்தும்மா வலக்கையை உயர்த்தினார். அது பாதி வழியில் நின்றுவிட்டது. "யா அல்லாஹ்!" என்று முனகியபடி கையை மடியில் போட்டுக்கொண்டார்.

கஜனி பதறிப்போனாள். "என்னக்கா கையில?"

"தோள்மூட்டு இறுகிப்போச்சு. எனக்குத் தலை சீவிவிடுறதே மகள் றிஸ்மியாதான்."

"ஐயையோ, சொல்லியிருந்தா நான் கஞ்சியைத் துழாவித் தந்திருப்பனே!"

"அதுதான் பிள்ளை எனக்குப் பயம். போன வருசம் ஒருநாள் நீ துழாவினதை நாயும் மோந்து பார்த்திட்டெல்லோ போச்சு."

பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். கஜனிக்கும் சிரிப்பு வந்தது. பாத்தும்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சட்டியோட ஆசையா வாற சனத்துக்கு இந்த முறை இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வருமோ? நோன்பு வரப்போகுதெண்டு நினைச்சு நினைச்சு நித்திரையில்லாமக் கிடந்தனான்."

"அதுக்கும் இந்த மனுவுக்கும் என்னக்கா?"

பாத்தும்மா இடக்கையால் மனுவைக் கசக்கிக் கஜனியின் கையில் வைத்தார்.

"தடை போடச் சொல்லி அந்தத் தம்பியைக் கெஞ்சினதே நான்தான், பிள்ளை."