பசிக்காத மெக்கானிக்

"கொஞ்ச நாளா இவர் ஒழுங்கா சாப்பிடலை டாக்டர். தூக்கமும் இல்லை. பெரிய நோயா இருக்குமோ?" மெக்கானிக்கின் மனைவி கேட்டாள். ரத்தப் பரிசோதனையில் குறையொன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் உள்ளுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"நீங்க கொடுத்த சத்து மாத்திரைதான். பட்டறைக்கும் கையோட எடுத்துட்டுப் போறேன்." மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினார்.

ஒரு மாத்திரையை எடுத்து, அதில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"இது எடை குறைக்கிறதுக்காகப் பசியை அடக்குற மாத்திரை! படபடப்பு வரும், பிரஷர் ஏறும். எந்தப் புண்ணியவான் இதை எழுதிக் கொடுத்தான்?"

"நீங்கதான் டாக்டர்," என்றாள் மனைவி மெல்ல. "எனக்கு."

நாத்தனார் பார்த்தால் கேலி செய்வாளே என்று அட்டையிலிருந்து பிரித்து, சத்து மாத்திரையின் காலிப் புட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். அவசரத்தில் அவர் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்; வீட்டில் இருந்த அவருடைய சத்து மாத்திரையை அவள் சாப்பிட்டு வந்திருக்கிறாள்.

"அதான் எனக்கு மட்டும் பசி அடங்கவே இல்லை!" என்றாள்.

டாக்டர் மறுபடி பிரஷர் பார்த்தார். "நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. இன்னியோட நிறுத்துங்க, பசி தானா வந்துடும். மாத்திரை எப்பவும் அதோட அட்டையிலேயே இருக்கணும்மா. உங்களுக்கு எழுதினது உங்களுக்கு மட்டும்தான்."

வெளியே வந்ததும் அவள் அழுதுவிட்டாள். "என்னை மன்னிச்சிடுங்க."

"அட, நீ வேற!" மெக்கானிக் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "உன் சமையல் எனக்குப் பிடிக்காமப் போச்சே, இதை இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானே தினம் சாமிகிட்ட புலம்பிக்கிட்டிருந்தேன்!"