மாட்டேன் என்று சொல்லக்கூடியவர்

"உங்களுக்கு அடுத்த ஆள் யாரு சார்?" என்று கேட்டாள், கம்ப்யூட்டர் பாதுகாப்பை வடிவமைக்க வந்திருந்த பெண்.

எங்கள் பெயின்ட் கம்பெனியில் யார் எதைத் திறந்து பார்க்கலாம் என்று காலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர்காரருக்குச் சரக்கு இருப்பு மட்டும். கணக்கருக்குச் சம்பள விவரம் மட்டும்.

மிச்சம் இருந்தது கலவைக் குறிப்புகள். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தைத் தவிர யார் கண்ணிலும் படாதவை. இனி நானே திறப்பதென்றாலும் இன்னொருவர் அனுமதி தர வேண்டுமாம்.

"மேனேஜரைப் போட்டுக்கோம்மா."

மேனேஜர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"இவர் வேணாம் சார். நீங்க எது சொன்னாலும் தலையாட்டிடுவார். உங்ககிட்ட மாட்டேன்னு சொல்லக்கூடிய ஆளா இருக்கணும்."

மேனேஜர் அதற்கும் தலையாட்டினார்.

"அப்ப சின்னவரைப் போடுங்க ஐயா," என்று என் மகனைச் சொன்னார் அவர். " வெளிநாட்டுல இருந்தாலும் தினம் உங்ககூட பேசாம இருக்க மாட்டாரே."

அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது. தினமும் கம்பெனிக்கு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். மறுமுனையில் யாரும் இருப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவன் அவன். பெற்றவன் நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்?

இருவரும் என்னையே பார்த்தார்கள். அவன் எண்ணைச் சொன்னேன். மனப்பாடமாகத்தான் இருந்தது.

"ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாம் சார்."

அவனுக்குப் போன செய்தி திரையில் தெரிந்தது. என் முழுப்பெயர். அதன்பின், 'அனுமதி கேட்கிறார்.'

நான் யாரிடமும் கேட்டதில்லை.

சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். எண்ணை மாற்றியிருப்பானோ?

வட்டம் நின்றது. சிவப்பு எழுத்தில் வந்தது: மறுக்கப்பட்டது.

"கை தவறி அழுத்திட்டார் போல சார்," என்றாள் அவள், சங்கடத்துடன்.

என்னிடம் மாட்டேன் என்று சொன்னவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான்.

"இல்லம்மா. சரியாத்தான் வேலை செய்யுது."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்கே, இன்னொரு தடவை அனுப்பு."