‘அப்புறம்’ என்றொரு ஃபோல்டர்

அக்காவின் கையைச் சுட்டது நான்தான். உள்ளே போனதும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது.

மேலாளர் அறைக்கு வெளியே நின்றபடி அவள் இதையே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ‘நான்தான்’ என்ற இடத்தில் நின்றுபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

கீழே சலவைக்கூடத்தின் அதிர்வு செருப்பு வழியாகக் காலில் ஏறியது. ஊரிலுள்ள ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் இங்கேதான் வெளுத்துத் தேய்க்கப்படும். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் தள்ளிவிடுவது அக்காவின் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் ரோலர் அக்கா. போன வாரம் விரிப்போடு சேர்த்து அவள் வலது கையையும் உருளை இழுத்துக்கொண்டது. நிறுத்தும் பொத்தானை அழுத்தியும் அது நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, அக்கா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். “பாத்தியாடி, நம்ம சலவையிலகூட இவ்ளோ வெள்ளை வராது.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அந்தப் பொத்தான் வேலை செய்யலைன்னு திரும்பத் திரும்ப ஆபீசுக்கு மெயில் போட்டேன். நான் எழுதினா தப்பும் தவறுமா இருக்கும்ல, அதான் யாரும் கண்டுக்கல போல.”

வாங்கிப்போன பழத்தை உரித்துக்கூடக் கொடுக்காமல் அன்று அவள் ஓடி வந்துவிட்டாள்.

அக்காவின் எழுத்தில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் ஆபீஸ் கணினிக்காக இவள் எழுதிய ஸ்கிரிப்டில் இருந்தது. திறக்காத அஞ்சல்கள் தடித்த எழுத்தில் கறுகறுவென்று நிற்கும். காலையில் அந்தக் கறுப்பைப் பார்த்தாலே மண்டை இடிக்கிறது, ஏதாவது செய்து கொடு என்று மேலாளர் கேட்டிருந்தார். பைத்தான் என்ற கணினி மொழியில் கொஞ்சம் வரிகள் எழுதி அவர் கணினியில் ஓடவிட்டாள். ஒரே ஆளிடமிருந்து ஒரே தலைப்பில் மறுபடி மறுபடி வந்தால் அது விளம்பரம். ‘அப்புறம்’ என்ற ஃபோல்டருக்குத் தள்ளிவிடு.

அதை எழுதி முடித்த அன்று எவ்வளவு பெருமை அவளுக்கு! கெஞ்சுகிறவர்களும் ஒரே தலைப்பில்தான் மறுபடி மறுபடி எழுதுவார்கள் என்பது புத்தியில் ஏறவேயில்லை.

இன்று காலை மேலாளர் வருமுன் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். விளம்பரங்களின் கறுப்புக் கூட்டத்துக்கு நடுவே அக்காவின் நான்கு அஞ்சல்கள் மெலிந்த எழுத்தில் கிடந்தன. ஒன்றையாவது திறந்து படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே மூடிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

“யாரு வெளியில? உள்ள வாம்மா.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ‘நான்தான்’ என்பதும் எப்படியோ வெளியே வந்துவிட்டது.

மேலாளர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். “அட, இதுக்கா இப்படி அழற? அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கிறதே இப்ப நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

“அக்கா கை சார்...”

“நீயா புடிச்சு உள்ள தள்ளின? மெஷின் தப்பு பண்ணிடுச்சு. மெஷினை எந்தப் போலீஸ் புடிக்கும், சொல்லு?” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்கு மனம் கொஞ்சம் லேசானது. லேசானதே என்று அதற்கும் சேர்த்துக் கூசினாள்.

“நாளைக்கு விசாரணைக்கு ஆளுங்க வராங்க. என்கிட்ட சொன்னதையே அவங்ககிட்டயும் சொல்லிடு. கம்ப்யூட்டர் வேற எங்கயோ தள்ளிடுச்சு, அந்த மெயிலை யாரும் திறக்கவே இல்லைன்னு. உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

“சரி சார்.”

இதைச் சொல்லத்தானே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவுப் பிடியில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். யாரும் திறக்கவே இல்லை. அந்தச் சொல் காலில் தட்டிய கல் மாதிரி அவளை நிறுத்திவிட்டது.

திரும்பி, அவர் மேசைத் திரையைப் பார்த்தாள். இன்று வந்த அஞ்சல்கள் திறப்பாரை எதிர்பார்த்துத் தடித்த எழுத்தில் வரிசையாக நின்றன. அக்காவுடையவை இப்படித் தடித்து இருக்கவில்லை, ஏற்கெனவே திறந்த அஞ்சல்களைப் போல மெலிந்திருந்தன.

“என்னம்மா, இன்னும் என்ன?”

“தள்ளினது நான்தான் சார். யார் வந்து கேட்டாலும் அதைச் சொல்லுவேன்.” குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. “இன்னொண்ணு மட்டும் சொல்லமாட்டேன்.”

“எதை?”

“நீங்க படிக்கலைன்னு.”